காதுக்குப் பிந்தி வந்த குரல்

வீட்டுக் கணினியில் ஒரு வர்ணத்தைப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். எதிரொலி எதுவும் சேராத வறண்ட குரலைக் கேட்டுக்கொண்டு பாட எனக்கு வராது. அதனால் எதிரொலி சேர்க்கும் துணை மென்பொருளான ரிவெர்ப் பிளகினைப் போட்டுக்கொண்டே பாடினேன். முதல் காலத்தில் சமாளித்துவிட்டேன். இரண்டாம் காலத்தில், தட்டிய கை தொடையில் விழுந்த பிறகுதான் என் குரல் ஹெட்போனில் கேட்டது. காலப்பிரமாணம் இழுத்துக்கொண்டே போனது.

பதிவு மென்பொருளின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். பஃபர், அதாவது கணினி ஒரு தவணையில் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு, 1,024 சாம்பிள். சாம்பிள் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்பது, 48,000 ஹெர்ட்ஸ். வகுத்தால் ஏறத்தாழ 21 மில்லி விநாடி. ஒலி உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்தால் இரட்டிப்பு. பஃபரை 64-க்குக் குறைத்தேன். ஈர விறகு எரிவதுபோல் படபடவென்று சத்தம். 128-இல் அது நின்றது. அப்படியும் குரல் பிந்தியே வந்தது!

இதிலேயே இரண்டு மாலைகள் போயின. குற்றவாளி ரிவெர்ப் அல்ல. முந்தைய மிக்ஸிங் வேலைக்காக, எல்லா ஒலியும் கடைசியில் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில் போட்டிருந்த லீனியர் ஃபேஸ் ஈக்வலைசர் என்ற, ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யும் பிளகின். அந்த வகைப் பிளகின், அடுத்து வரும் ஒலியையும் சேர்த்துக் கணக்கிடுவதால் எல்லாவற்றையும் காக்க வைக்கிறது. பஃபரைக் குறைத்து அதை வெல்ல முடியாது. அதை நீக்கிய நொடியில் குரல் கையோடு சேர்ந்துகொண்டது.

இப்போது பதிவின்போது மாஸ்டரைக் காலியாகவே வைத்திருக்கிறேன். ரிவெர்பைத் தனி டிராக்கில் வைத்து, காதுக்கு மட்டும் அனுப்புகிறேன். பதிவாவது வெறும் குரல். கணினி திணறினால், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரில், அதாவது கணினிக்குள் போய் வராத வழியில், குரலையும், கணினியிலிருந்து ரிவெர்பை மட்டும் கேளுங்கள். எதிரொலி சற்றுப் பிந்தினாலும் உறுத்தாது.