பூட்டிக் கிடந்த பண்ணை வீடு: எங்கிருந்து தொடங்குவது

பயிர்வேலை நின்று ஆள் வெளியேறிய வீட்டைத் தண்ணீர்தான் தின்கிறது. குடியிருந்தவரை நகர்ந்த ஓட்டைச் சரிசெய்ய, அடைபட்ட வடிகாலைக் கிளறிவிட யாராவது இருந்தார்கள். அடுப்பின் சூடும் புகையும் கூரை மரத்தை உலர்த்தின. அதெல்லாம் நின்றதும் ஒரே ஒரு உடைந்த ஓடு போதும், உத்திரம் போய்விடும். ஆகவே சுண்ணாம்படிப்பதும் தரை போடுவதும் கடைசி வேலை. பலர் அங்கேதான் தொடங்கிப் பணத்தைக் கரைக்கிறார்கள்.

நுழையுமுன் வெளியே ஒரு சுற்று வாருங்கள். முகடு தொய்ந்தோ சுவர் பிதுங்கியோ இருந்தால் முட்டுக்கொடுக்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள். மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். எலிப்புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது, அந்தத் தூசியில் நோய் பரவும். ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு (பவுடர் அல்ல) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறியபின் கையுறையோடு துடைத்தெடுங்கள்.

மரத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முக்கியமாக, சுவருக்குள் செருகியிருக்கும் உத்திர முனைகளை. நடுப்பகுதி கல்லாக இருக்கும், முனை மட்டும் உளுத்துப் போயிருக்கும். கரையான் மண்பாதை தெரிந்தால் ஒரு விரல்கடை உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள்; மறுபடி பூசியிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது.

ஓட்டைச் சரிசெய்த கையோடு சுவரை ஒட்டிய மண்ணை, மீட்டருக்கு 5 செ.மீ. இறக்கமாக வெளிப்பக்கம் சரித்துவிடுங்கள். பிறகு காத்திருக்க வேண்டும். நனைந்த சுவரின் ஒவ்வொரு 2.5 செ.மீ. கனமும் உலர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பொறுமையில்லாமல் மண்சுவரிலோ சுண்ணாம்புக் கட்டிலோ சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கும். ஓரிரு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், கூடவே சுவரின் மேல்தோலும் வரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசுங்கள். மண்சுவருக்கு மண்பூச்சே பொருந்தும். சுவரில் மரக்கன்று முளைத்திருந்தால் பிடுங்க வேண்டாம், கட்டும் சேர்ந்து வரும். அடியோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க நறுக்குங்கள்.

பாழ்கிணற்றில் தூர்வார யாரையும் சட்டென இறக்காதீர்கள். அடியில் பிராணவாயு இல்லாமலிருக்கலாம். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் அங்கேயே மயங்குவார். காற்றை அளக்கும் கருவியும் மேலிருந்து இழுக்கும் கயிறும் உள்ள ஆட்களை அழையுங்கள். கொட்டகையில் கிடக்கும் பூச்சிமருந்து டப்பாக்களையும் எரிக்காமல், கழுவி வேறெதற்கும் வைத்துக்கொள்ளாமல், மூடி இறுக்கித் தனியே ஒதுக்கி வேளாண் அலுவலரிடம் கேட்டு அப்புறப்படுத்துங்கள்.