கோலார் தங்கவயலை ஒரே நாளில் நடந்து பார்க்க

முதல் தவறு பெயரிலேயே நடக்கும். கோலார் வேறு, தங்கவயல் வேறு. நடுவே சுமார் 30 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து வந்தால் மாரிகுப்பம் ரயிலில் ஏறுங்கள். சென்னைப் பக்கத்தினர் பங்காருப்பேட்டையில் இறங்கி, 16 கிலோமீட்டர் கிளைப் பாதையில் மாற வேண்டும். வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

பலரும் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் இறங்கி, ஊரைப் பார்த்துவிட்டதாகத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கடைசி நிலையமான மாரிகுப்பம் வரை போய், அங்கிருந்து வடக்கே நடங்கள். தங்கப் படிவம் தெற்கு வடக்காக ஓடுகிறது. மைசூர், சாம்பியன், உரிகம், நந்திதுர்கம் என்று சுரங்கங்களும் அதே வரிசை. ரயில் பாதையும் அதை ஒட்டியே. குளிர்காலத்தில் வெயில் முதுகுப் பக்கம் விழும், படம் எடுக்கவும் தோது.

சாஃப்ட், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி, இருக்கும் இடத்தை, உச்சியில் சக்கரம் மாட்டிய இரும்புக் கோபுரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கூண்டை இறக்கி ஏற்றிய கம்பி வடம் அந்தச் சக்கரத்தின் மேல்தான் ஓடியது. சாம்பியன் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம். 1965-இல், பாறையையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்களான நியூட்ரினோக்களை விஞ்ஞானிகள் பதிவு செய்ததும் அதற்குள்தான்: மேலிருக்கும் பாறை மற்ற விண்கதிர்களை வடிகட்டிவிடும். 2001 பிப்ரவரி 28-இல் உற்பத்தி நின்றபின் கீழே தண்ணீர் ஏறிவிட்டது. உள்ளே கூட்டிப் போகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

சயனைடு மலைகளைத் தள்ளி நின்று பாருங்கள். தங்கத்தைச் சயனைடில் கரைத்தெடுக்கத் தாதுவை மாவாக அரைத்தார்கள். அந்தக் கழிவுதான் இப்படிக் குவிந்தது. மழை அரித்த விளிம்பு காலடியில் சரியும். காற்றடித்தால் சிலிக்கா தூசு நெஞ்சுக்குள் போகும், ஆகவே மார்ச்சுக்கு மேல் வருவது உசிதமில்லை. முகக்கவசமும் 2 லிட்டர் தண்ணீரும் அவசியம்.

வழியில் வரும் லைன் வீடுகளில், அதாவது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. வாசலில் கேட்காமல் கேமராவைத் தூக்க வேண்டாம். இங்கே இருப்பவர்கள், சுரங்க வேலைக்கு வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். வழி கேட்கத் தமிழே போதும்.

திரும்பும்போது பங்காருப்பேட்டையில் அரை மணி கிடைத்தால் பானிபூரி சாப்பிடுங்கள். ரசம் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் போல இருக்கும், காரம் மட்டும் தொண்டையில் தெரியும்.