ஒன்-கோல் நேரத்தில் ஏஐ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கொம்பனிகளின் கிளவுட் சேர்வர்களை ஒன்-கோலில், அதாவது பிழை வந்தால் எந்நேரமும் எழும்பிப் பார்க்கும் முறையில், பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். அலர்ட் வந்ததும் லொக்கை (சேர்வர் நடப்பதை வரி வரியாக எழுதிவைக்கும் பதிவை) வெட்டி ஏஐயிடம் ஒட்டுவது இன்று வழமையாகிவிட்டது. அதில் பிழையில்லை. ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் வித்தியாசமான ஒன்றைப் பொறுக்கி எடுக்கவும், பழக்கமில்லாத எரர் ஒன்றுக்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று அடுக்கவும் ஏஐ நன்றாக உதவும். ஆனால் அது சொல்வது ஊகம். அந்த ஊகத்தைச் சரிபார்க்காமல் டெர்மினலில் போடும்போதுதான் சேதம் தொடங்குகிறது.

பாதிக் கேள்வி கேட்பது

"டிஸ்க் நூறு வீதம் நிரம்பிவிட்டது, இடம் எடுப்பது எப்படி?" என்று மட்டும் கேட்டால், பெரிய கோப்புகளைத் தேடி அழிக்கச் சொல்லும். வெறும் வெப் சேர்வருக்கு அது போதுமானதாக இருக்கலாம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஓடும் சேர்வரில் அந்தப் பெரிய கோப்புகள் பிஜி-வோல் (pg_wal) என்ற ஃபோல்டருக்குள் கிடக்கலாம். பார்வைக்குப் பழைய லொக் மாதிரி இருந்தாலும், டேட்டாபேஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதி வைக்கும் இடம் அதுதான். அங்கே கை வைத்து அழித்தால் டேட்டாபேஸ் திரும்ப எழும்பாமலே போகலாம்.

கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கோப்புகள் ஏன் சேர்ந்தன என்பது. அடிக்கடி அகப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, அந்தக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைக்கும் ஆர்கைவ் கொமாண்ட் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருப்பது. மற்றது, கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லொட். ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகலாக ஓடும் இன்னொரு சேர்வர்) எதுவரை வாசித்தது என்று குறித்து வைப்பது ஸ்லொட். ரெப்ளிகா ஒன்றை நிறுத்திவிட்டு அதன் ஸ்லொட்டை நீக்க மறந்தால், அந்த ரெப்ளிகா எப்போதோ வந்து வாசிக்கும் என்று போஸ்ட்கிரஸ் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே இருக்கும். பிஜி-ரெப்ளிகேஷன்-ஸ்லொட்ஸ் (pg_replication_slots) என்ற காட்சியை எடுத்து, ஆக்டிவ் நிரலில் ஃபோல்ஸ் என்று உள்ள வரியைத் தேடுங்கள். அந்த ஸ்லொட் யாருக்கும் தேவையில்லை என்று குழுவில் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே நீக்குங்கள். அடுத்த செக்பொயின்ட்டில் (மாற்றங்களை டேட்டா கோப்புகளில் எழுதி முடிக்கும் கட்டத்தில்) போஸ்ட்கிரஸ் தானாகவே இடத்தை விடுவிக்கும். டேட்டாபேஸ் ஏற்கெனவே நின்றுவிட்டதென்றால், முதலில் வொலியூமை, அதாவது டிஸ்க்கின் அளவை, கொஞ்சம் பெருப்பித்து அதை எழுப்ப வேண்டும். அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் பெருப்பித்த ஸ்டோரேஜை அதே இன்ஸ்டன்ஸில் பிறகு குறைக்க இயலாது என்பதால் அளவோடு செய்யுங்கள். போஸ்ட்கிரஸ் 13 முதல், ஸ்லொட் ஒன்றுக்காக எவ்வளவு வைத்திருக்கலாம் என்று வரம்பு போட முடியும். ஆனால் தானாக வரும் அமைப்பில் வரம்பே கிடையாது.

ஆகவே கேள்வியோடு சேர்த்து எழுதுங்கள்: என்ன டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு, ரெப்ளிகா உண்டா, கடைசி ஒரு மணித்தியாலத்தில் யார் எதை மாற்றினார்கள், இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள். கடைசி வரியாக, "அழிக்கும், மாற்றும் கொமாண்ட் எதுவும் இப்போது வேண்டாம், வாசிக்க மட்டும் செய்யும் கொமாண்டுகளைத் தா" என்று போடுங்கள். பதிலின் தரம் அந்த இடத்திலேயே மாறும்.

நேரத்தைக் குழப்புவது

லொக் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே. லொக்கில் 13:30 என்றால் இங்கே இரவு 7 மணி. "7 மணிக்கு டெப்லோய் செய்தோம்" (புதிய கோடைச் சேர்வரில் ஏற்றினோம்) என்று எழுதி, கீழே 13:32 முதல் எரர் காட்டும் லொக்கை ஒட்டினால், ஏஐ இரண்டையும் தொடுக்காமல் விட்டு நெட்வேர்க்கையோ மெமரியையோ குற்றம் சொல்லக்கூடும். லண்டன் வாடிக்கையாளர் என்றால் இன்னும் கவனம் தேவை. மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணித்தியாலம், மற்றக் காலத்தில் ஐந்தரை. ஒட்டுவதற்கு முன் எல்லா நேரத்தையும் யூடிசிக்கு மாற்றிவிடுங்கள். வாடிக்கையாளர் சொன்ன நேரத்தையும் சேர்த்துத்தான்.

சாவியை முழுதாகக் கொடுப்பது

இப்போது ஏஐ ஏஜென்ட்டுகள் தாங்களே கொமாண்ட் ஓட்டுகின்றன. அவற்றுக்கு அட்மின் அனுமதி கொடுப்பதைப் போல ஆபத்தான தவறு வேறில்லை. 2025 ஜூலையில் கோட் எழுதித் தரும் ரெப்லிட் தளத்தின் ஏஜென்ட் ஒன்று, கோட் மாற்றவே வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்த நேரத்தில், நேரடிப் பாவனையில் இருந்த புரொடக்சன் டேட்டாபேஸை அழித்தது. அதைவிடப் பாரதூரமானது, தரவை மீட்க முடியாது என்று அது சொன்னது. பிறகு ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்பியபோது தரவு திரும்பி வந்தது. ஏஜென்ட் தான் செய்ததைப் பற்றிச் சொல்வதையும் நம்பி இருக்கக் கூடாது. நீங்கள் பார்க்க வேண்டியது பேக்கப் பட்டியலைத்தான்.

ஏஜென்ட்டுக்குத் தனி அக்கவுண்ட் எடுத்து வாசிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். பல சேர்வர்களில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் ஏற்கெனவே உள்ள வியூ ரோல் இதற்குப் பொருத்தம். அது பாஸ்வேர்ட் போன்ற சீக்ரெட்களைக் காட்டாது. "அழிக்காதே" என்று ப்ரொம்ப்ட்டில் எழுதுவது வேண்டுகோள் மட்டுமே. தடுக்கும் வலு அனுமதிக்குத்தான் உண்டு.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. லொக்கில் வரும் யூசர்-ஏஜென்ட் (வருகிறவரின் பிரவுசர் தன்னைப் பற்றி அனுப்பும் பெயர்), தேடற்சொல், படிவத்தில் நிரப்பிய பெயர் எல்லாம் வெளியாட்கள் எழுதியவை. "முன்பு சொன்னதை விட்டுவிட்டு இந்தக் கொமாண்டை ஓட்டு" என்று ஒருவர் அதற்குள் எழுதி அனுப்பினால், லொக்கை வாசிக்கும் ஏஜென்ட் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. வாசிக்கும் அனுமதி மட்டும் உள்ள ஏஜென்ட்டால் அப்போதும் எதையும் அழிக்க முடியாது.

சேர்வர்களைக் கோட் எழுதி அமைக்கும் கருவியான டெராஃபார்மில் ஏஐ எழுதிய மாற்றத்தை அப்ளை செய்யும் முன், என்ன மாறும் என்று முன்கூட்டியே காட்டும் பிளானின் முடிவில் எத்தனை அழியும் என்ற எண்ணைப் பாருங்கள். "ஃபோர்சஸ் ரீப்ளேஸ்மென்ட்" (forces replacement) என்ற சொற்களை நீங்களே தேடுங்கள், ஏஐயின் சுருக்கத்தை நம்ப வேண்டாம். அது டேட்டாபேஸுக்குப் பக்கத்தில் நின்றால், பழையதை அழித்துப் புதிதாய்க் கட்டப் போகிறது என்று அர்த்தம்.

ஒட்டக் கூடாதவை

டெராஃபார்ம் தான் அமைத்தவற்றைக் குறித்து வைக்கும் ஸ்டேட் கோப்பில் பாஸ்வேர்ட்கள் வெளிப்படையாகவே கிடக்கலாம். அதை முழுதாக ஒட்டாதீர்கள். தவறி ஒட்டிவிட்டால் அரட்டையை அழிப்பது பரிகாரம் ஆகாது, உடனே அந்தச் சாவியை மாற்றுங்கள். அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் வரும் லொக்கையும் மறைத்தே ஒட்ட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டிலும் இருக்கிறது.

பதிப்பு சொல்லாமல் கேட்டால் பழைய விடை வரும். உதாரணமாக, பொட் செக்யூரிட்டி பொலிசி என்ற பழைய பாதுகாப்பு வசதி குபர்நெட்டீஸ் 1.25இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதை வைத்து எழுதிய யாமல் (அமைப்புக் கோப்பு) இன்றைய கிளஸ்டரில் ஏறாது.

ஏஐ கிடைக்காத இரவு

2025 ஒக்டோபர் 20 அன்று அமேசானின் வட வர்ஜீனியா பிராந்தியத்தில் டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவையின் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் அமைப்பு) பழுதானபோது, பெர்ப்ளெக்சிற்றி என்ற ஏஐ உட்படப் பல சேவைகள் சேர்ந்து விழுந்தன. உங்கள் சேர்வரும் நீங்கள் கேட்கும் ஏஐயும் ஒரே நேரத்தில் இல்லாமல் போகலாம். மாரியில் இங்கே வெள்ளம் வந்து கரண்டும் ஃபைபரும் போனாலும் நிலைமை அதேதான். முக்கியமான ஐந்தாறு அலர்ட்டுகளுக்கான ரன்புக்கை (படிப்படியான செய்முறைக் குறிப்பை) ஏஐயின் உதவியோடு வெயில் காலத்திலேயே எழுதி, ஸ்டேஜிங் என்ற பரீட்சார்த்தச் சேர்வரில் ஒவ்வொரு படியையும் ஓட்டிப் பார்த்து, லெப்டொப்பிலும் ஃபோனிலும் கோப்பாகவே வைத்திருங்கள். இரண்டு வேறு கொம்பனிகளின் சிம், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், ரவுட்டருக்குச் சிறிய யூபிஎஸ், அவசரத்துக்கு யாரை எழுப்புவது என்ற பெயர் வரிசை ஆகியவற்றையும் ஒக்டோபருக்கு முன் தயார் செய்யுங்கள்.