கோடுகளை மட்டும் நம்பாதீர்கள்: ஃபிலிடியா கடல்நத்தையை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருப்புக் கோடுகள், நடுவே நீலச்சாம்பல் மேடுகள், மேடுகளின் உச்சியில் மஞ்சள் முண்டுகள். பவளப்பாறையில் இப்படி ஓர் ஓடில்லாத கடல்நத்தையைப் பார்த்ததும் பலரும் ‘ஃபிலிடியா வேரிகோசா’ என்று குறித்துவிடுகிறார்கள். 1801-இல் லமார்க் பெயரிட்ட இனம் இது. செங்கடலிலிருந்து ஹவாய் வரை வாழ்கிறது. ஆனால் ஏறக்குறைய இதே தோற்றத்தில் அதன் உறவினங்களும் அதே பாறைகளில் ஊர்கின்றன.

கோடுகளை எண்ணி முடிவுக்கு வருவதுதான் முதல் தவறு. ஒரே இனத்திலும் மேடுகளின் எண்ணிக்கை மாறும், கோடுகள் இடையில் அறுபடும். உறுதியான அடையாளம் அடிப்பக்கம்தான். வேரிகோசாவின் பாதத்தில் நீளவாக்கில் ஒரு கருங்கோடு ஓடும். ஃபிலிடியா சீலெஸ்டிஸுக்கு அது கிடையாது. அதற்காக நத்தையைப் பிடித்துப் புரட்டிப் பார்க்காதீர்கள், ப்ளீஸ். பாறை விளிம்பைத் தாண்டும்போது முன்பாதி கொஞ்சம் தூக்கும். கேமராவைத் தாழ்த்தி வைத்துக் காத்திருங்கள். பாதம் தெரியவில்லையா? சரி, ‘ஃபிலிடியா’ என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். அரைகுறையாகத் தெரிந்ததை முழுப்பெயராக எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்து, தலையில் உள்ள இரண்டு உணர்கொம்புகளைப் பார்க்காமல் விடுவது. வேரிகோசாவுக்கு அவை மஞ்சள். அதே குடும்பத்தின் இன்னொரு பேரினமான ஃபிலிடியெல்லாவின் இனங்களுக்குப் பெரும்பாலும் கருப்பு. பயந்தால் உள்ளிழுத்துக்கொள்ளும், அதனால் மெதுவாக நெருங்குங்கள். விளக்கு இல்லாமல் எடுத்த படத்தில் ஃபிலிடியெல்லாவின் இளஞ்சிவப்பு முண்டுகள் சாம்பலாகத் தெரியும். ஆழத்தில் சிவப்பு ஒளி முதலில் மங்கிவிடுகிறதே. டார்ச் அடித்து ஒரு படம் கட்டாயம் எடுங்கள்.

முதுகில் பூப்போலச் செவுள் விரிந்திருந்தால் அது ஃபிலிடியாவே அல்ல. செங்கடலின் குரோமோடோரிஸ் குவாட்ரிகலர் என்ற கடல்நத்தையும் கோடு போட்டதுதான், ஆனால் முதுகில் ஆரஞ்சுச் செவுள் தெரியும். ஃபிலிடியாவின் செவுள்கள் மேலுடலின் ஓரத்துக்கு அடியில் மறைந்திருக்கும்.

அப்புறம், வேஷக்காரர்கள். சில தட்டைப்புழுக்கள் இந்தக் குடும்பத்து நத்தைகளைப் போலவே இருக்கும். உடல் காகிதமாய் மெலிந்து, விளிம்பு அலைபோல் நெளியும். பியர்சனோதூரியா கிரேஃபி என்ற கடல் அட்டையின் குஞ்சும் ஃபிலிடியா போலவே நிறம் கொண்டது. இரண்டுக்கும் அந்த ஜோடி உணர்கொம்பு இல்லை.

கரையில் நிதானமாகப் பார்க்கலாம் என்று மற்ற உயிர்களோடு வாளியில் போடுவதுதான் மிக மோசமான தவறு. தொந்தரவு செய்தால், கடற்பஞ்சுகளைத் தின்று சேர்த்த நஞ்சை இந்த நத்தை தோல்வழியே கசியவிடும். கூட இருக்கும் மீனும் இறாலும் செத்துப்போகும்.