கை மெக்கரை மாற்றி டிஜிட்டல் வாங்குகிறீர்களா? போர்வெல் மோட்டார் பார்ப்பவர்களுக்கு

மேலூர், ஒத்தக்கடைப் பக்கம் மோட்டார் வேலை பார்க்கும் பலரிடம் இன்னமும் கையால் சுற்றும் மெக்கர், அதாவது மோட்டார், கேபிள் இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி, இருக்கிறது. என்னிடம் இருந்ததில் கிளட்ச் தேய்ந்துவிட்டது. நீளமான கேபிளில் மாட்டிச் சுற்றினால், வேகம் ஏறி இறங்கும்போதெல்லாம் முள்ளும் ஆடும். எந்த இடத்தை ரீடிங் என்று எழுதுவது? அதனால்தான் டிஜிட்டலுக்கு மாறினேன்.

மல்டிமீட்டரிலேயே மெக் ஓம் ரேஞ்ச் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது சில வோல்ட் மட்டும் கொடுத்து அளக்கிறது. காற்றடித்துத் தண்ணீரில் முக்கினால்தானே டியூபில் பஞ்சர் தெரியும்? இன்சுலேஷனும் அப்படித்தான், அழுத்தம் கொடுத்தால்தான் ஓட்டை தெரியும். நம் 415 வோல்ட் மோட்டார்களுக்கு 500 வோல்ட் டிசி போதும்.

வாங்கும்போது 250, 500, 1000 என மூன்று நிலை இருந்தால் சரி. 500 வோல்ட் நிலையில், 500 கிலோ ஓம் சுமைக்கு 1 மில்லி ஆம்பியர் தருமா என்று விவரத்தாளில் பாருங்கள். தராத மலிவு மீட்டர், மோட்டார் ஈரமாக இருக்கும்போதுதான் காலை வாரும். ஃப்ளூக் 1507-இல் 50 முதல் 1000 வோல்ட் வரை ஐந்து நிலை உண்டு. அருமையான மீட்டர், ஆனால் போர் வேலைக்கு அத்தனை தேவையில்லை. ப்ளூடூத், ஆப் என்று காசைக் கொட்டாதீர்கள். டெஸ்ட் பட்டனை அழுத்திப் பூட்டி வைக்கும் வசதியும், அளந்து முடித்ததும் தானே டிஸ்சார்ஜ் செய்யும் வசதியும் இருந்தால் போதும்.

புது மீட்டரைக் களத்துக்குக் கொண்டுபோகும் முன் ஒரு சோதனை. 1 மெக் ஓம் ரெசிஸ்டர் நான்கைத் தொடராகச் சால்டர் செய்து 500 வோல்ட்டில் அளந்தால், 4-ஐ ஒட்டி வர வேண்டும். ஒற்றை ரெசிஸ்டரில் முழு 500-ஐயும் போட வேண்டாம், சாதாரண ரெசிஸ்டர் அதைத் தாங்காது.

இனி களத்தில். மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரை உருவிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லை என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு, மோட்டார் கேபிளை ஸ்டார்ட்டரிலிருந்து முழுவதுமாகக் கழற்றுங்கள். இப்போது பாதிப் பேனல்களில் மொபைல் ஸ்டார்ட்டர், அதாவது செல்போனில் மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு, இருக்கிறது. கேபிளைக் கழற்றாமல் 500 வோல்ட்டை விட்டால் அந்தப் போர்டின் கதை முடிந்தது. கேபிள் நுனியை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள்.

அடுத்து எர்த் கிளிப். நிறையப் பேர் இடறுவது இங்கேதான். பழைய போர்களில் ஜிஐ குழாய் இருந்தது. அதைச் சுரண்டி கிளிப் மாட்டினால் வேலை முடிந்தது. இப்போது குழாய் எச்டிபிஇ பிளாஸ்டிக், போரின் வெளிக்குழாயான கேசிங்கும் பல இடங்களில் பிவிசி. மேலே தெரியும் இரும்புக் கிளாம்பில் கிளிப்பை மாட்டினால் அது எதையும் தொட்டிருக்காது. மீட்டர் ஓஎல் என்று காட்டும், நீங்களும் மோட்டார் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வருவீர்கள். உள்ளே வைண்டிங் நனைந்து கிடக்கும். பேனலின் எர்த் குழிக்குப் போகும் கம்பியில் மாட்டுங்கள். போர்த் தண்ணீர் வழியாக மண்ணுக்கும், மண் வழியாக அந்தக் கம்பிக்கும் பாதை இருக்கிறது. அந்தக் கம்பி அறுந்திருக்கிறதா என்று முதலில் இழுத்துப் பாருங்கள். அறுந்தே கிடக்கும் தோட்டங்கள் ஏராளம்.

ஓஎல் என்றால் கோளாறு என்று பயப்படவும் வேண்டாம். பழைய மெக்கரில் முள் முடிவிலிக்குப் போவது போலத்தான், மீட்டரின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். கிளிப் சரியாக இருந்தால் அது நல்ல செய்தி.

மீட்டரின் மற்ற முனையை மோட்டார் கேபிளின் நுனியில் வைத்து, பட்டனை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நீளக் கேபிள் சார்ஜ் ஆகும்வரை எண் குறைவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். 60-ஆவது வினாடியில் இருப்பதை எழுதுங்கள்.

போருக்குள் இருக்கும் மோட்டாரில் கேபிள், ஜாயிண்ட் எல்லாம் சேர்ந்த அளவுதான் வரும். 2 மெக் ஓமுக்கு மேல் இருந்தால் ஓட்டலாம். அரை மெக் ஓமுக்குக் கீழே போனால் தூக்கிப் பார்க்க வேண்டியதுதான். தூக்கியதும் ஜாயிண்டை வெட்டி, மோட்டாரையும் கேபிளையும் தனித்தனியாக அளந்துவிட்டு ரீவைண்டிங் பற்றிப் பேசுங்கள். பட்டறையில் கட்டி முடித்த சாதாரண மோட்டாருக்கு ஐஇஇஇ 43 வழிகாட்டி (மின் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு வெளியிட்டது) 40 டிகிரியில் குறைந்தது 5 மெக் ஓம் கேட்கிறது. சித்திரை வெயிலில் காய்ந்த மோட்டாரையும் மார்கழிக் காலையில் அளந்ததையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது: வெப்பம் 10 டிகிரி ஏறினால் அளவு ஏறக்குறைய பாதியாகும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு வாடிப்பட்டியிலிருந்து ஒருவர் கேட்டார், "அண்ணே, மூணு ஒயருக்கும் நடுவுல வச்சா சைபர் காட்டுது, மோட்டார் போச்சா?" போகவில்லை தம்பி. மூன்று ஒயர் வெளியே வரும் மோட்டாரில் வைண்டிங்குகள் உள்ளேயே இணைந்திருக்கும், சைபர்தான் வரும். ஆறு ஒயர் வெளியே வரும் ஸ்டார் டெல்டா மோட்டாரில் ஆறையும் கழற்றினால்தான் ஃபேஸுக்கு ஃபேஸ் இன்சுலேஷன் பார்க்க முடியும். அதிலும் ஒரே வைண்டிங்கின் இரு முனைகளைப் பிடித்துவிடாமல், முதலில் மல்டிமீட்டரில் ஜோடி பிரித்துக்கொள்ளுங்கள்.