லெந்து முடிந்த பிறகும் கைப்பிடி அரிசி

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் கறி மீனை விடுகிறோம், தினமும் வேதம் வாசிக்கிறோம். ஈஸ்டர் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டிலும் பல வருஷம் அப்படித்தான். அதை மாற்றியது ஒரு சின்ன டப்பா.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில், சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை பழைய வழக்கம். மிசோரம் சபைகளில் நூறு வருஷத்துக்கும் மேலாக இப்படிச் சேர்த்தே ஊழியங்களைத் தாங்குகிறார்கள். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை டப்பாவில் போடுங்கள். பிடி சுமார் 50 கிராம். நாளுக்கு ஒருமுறை என்றாலும் மாதத்தில் ஒன்றரைக் கிலோ. அதைக் காணிக்கைப் பெட்டியோடு முடித்துவிடாமல், தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டுக்கு நீங்களே கொண்டுபோங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள், அவர்கள் விரும்பினால் ஜெபியுங்கள். அரிசியைவிட அந்தப் பேச்சுக்குத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

அப்புறம் வாசிப்பு. வேதத்தில் நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று. தேதி 7 என்றால் ஏழாம் அதிகாரம். ஒரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை, பின்னால் போகாமல் அன்றைய தேதியையே திறங்கள்.