மின்மினியைப் பிடிக்காமலேயே மின்மினிப் பாடம்: சின்னப் பிள்ளைகளுக்கான வகுப்பறைச் செயல்பாடுகள்

மின்மினிப் பூச்சியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்றதும், நாலு பூச்சியைப் பாட்டிலில் பிடித்து வந்து காட்டலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வளர்ந்த மின்மினி உயிரோடு இருப்பதே சில வாரங்கள்தான். அதற்குள் துணையைத் தேட வேண்டும், முட்டையிட வேண்டும். பாட்டிலுக்குள் கழியும் ஓர் இரவு அதற்குப் பெரிய இழப்பு. தவிர, பகல் வெளிச்சத்தில், வகுப்பறையில் அது மின்னப்போவதும் இல்லை. பிள்ளைகள் பார்க்கப்போவது சோர்ந்துபோன ஒரு சின்ன வண்டைத்தான்.

ஒரு டார்ச்சும் கொஞ்சம் இருட்டும் இருந்தால், பூச்சி இல்லாமலேயே இந்தப் பாடத்தை அருமையாக நடத்தலாம். அங்கன்வாடி முதல் மூன்றாம் வகுப்பு வரை இது சரியாக வரும். மின்மினி வெளிச்சத்தால் பேசுகிறது, அந்தப் பேச்சு எட்டுவதற்கு இருட்டு வேண்டும். பிள்ளைகள் மனதில் இது ஒன்று பதிந்தால் போதும். கீழே உள்ள எல்லாச் செயல்பாடுகளும் அதை நோக்கித்தான் போகின்றன. ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். வாரம் முழுக்க, தினம் ஒரு பாடவேளை என்று வைத்துக்கொண்டால் நிதானமாகப் போகும்.

தேவையானவை

சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்ன எல்.இ.டி. டார்ச்சுகள். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும். அழுத்தினால் எரிந்து, விட்டால் அணைகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். தள்ளும் ஸ்விட்ச் உள்ளது சின்ன விரல்களுக்குச் சிரமம். மஞ்சள், பச்சைக் கண்ணாடித்தாள், ரப்பர் பேண்ட், களிமண், புளியங்கொட்டை, ஜவ்வரிசி, ஜன்னலை மூட இரண்டு மூன்று ஜமுக்காளம் அல்லது பழைய போர்வை. திருவிழாக் கடைகளில் கையில் மாட்டிக்கொள்ள விற்பார்களே, வளைத்தால் ஒளிரும் குச்சி, அதுவும் ஒன்றிரண்டு இருந்தால் நல்லது. எல்லாருக்கும் டார்ச் இல்லையென்றால் பரவாயில்லை, பாதி வகுப்பு விளையாட, மீதி பார்க்கட்டும்.

படி 1: முதலில் பிள்ளைகளைப் பேசவிடுங்கள்

“மின்மினி பார்த்தவங்க யாரு? எங்கே பார்த்தீங்க?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை எல்லாம் கரும்பலகையில் எழுதுங்கள். சரி, தப்பு என்று இப்போது எதையும் திருத்த வேண்டாம். வரப்பு ஓரம், கிணற்றடி, பாட்டி ஊர் என்று இடங்கள் வரும். நகரத்துப் பிள்ளைகளில் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு அன்றைக்கு வீட்டுப்பாடம் இதுதான்: அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராவது எங்கே, எப்போது மின்மினி பார்த்தார்கள் என்று கேட்டு வர வேண்டும். மறுநாள் வகுப்புக்கு நிறைய கதைகள் வந்து சேரும்.

அதில் தூக்கணாங்குருவிக் கதை அநேகமாக இருக்கும். குருவி தன் கூட்டுக்குள் களிமண்ணை ஒட்டி, அதில் மின்மினியைப் பதித்து விளக்காக வைத்துக்கொள்கிறது என்ற கதை. “அது பொய்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். தூக்கணாங்குருவி கூட்டுக்குள் ஈரமண்ணை உருண்டை உருண்டையாக ஒட்டி வைப்பது உண்மை. விளக்குக்காக மின்மினியைப் பதிக்கிறது என்பதற்குத்தான் சான்று இல்லை. “மண் இருக்கிறதைப் பார்த்திருக்காங்க, விளக்கு எரிஞ்சதைப் பார்த்தவங்க உண்டா?” என்று கேளுங்கள். கேள்விப்பட்டது வேறு, பார்த்தது வேறு என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். அறிவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

படி 2: களிமண்ணில் ஒரு மின்மினி

மின்மினி, ஈயோ கொசுவோ இல்லை, வண்டு இனம். உலகத்தில் 2,000க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. களிமண்ணை நீளவாக்கில் உருட்டி, லேசாகத் தட்டையாக்கச் சொல்லுங்கள். தலைக்கு மேலே கேடயம் போல ஒரு மூடி இருப்பதால், மேலிருந்து பார்த்தால் தலை சரியாகத் தெரியாது. இதைக் கட்டாயம் செய்யவையுங்கள், பிள்ளைகள் விட்டுவிடுகிற இடம் இதுதான். ஈர்க்குச்சித் துண்டுகளில் இரண்டு உணர்கொம்பு, ஆறு கால். முதுகில் காய்ந்த இலையை வெட்டி இரண்டு கெட்டியான மேல் இறக்கைகள், அதற்கு அடியில் மெல்லிய தாளில் பறக்கும் இறக்கைகள். கடைசியாக, வயிற்றின் நுனியில், அடிப்பக்கத்தில், கண்ணாடித்தாள் துண்டு ஒன்று. அதுதான் விளக்கு. பலர் அதை முதுகில் ஒட்டுவார்கள், திருப்பிக் காட்டித் திருத்துங்கள்.

படி 3: சுடாத வெளிச்சம்

“தீ மாதிரி எரியுதே, அதுக்குச் சுடாதா டீச்சர்?” இந்தக் கேள்வி எப்படியும் வரும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள். எரிகிற மெழுகுவர்த்திக்குக் கொஞ்சம் தள்ளிக் கையை நீட்டச் சொல்லுங்கள் (நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், மெழுகுவர்த்தியைப் பிள்ளைகள் கையில் தரக் கூடாது). அடுத்து, ஒளிரும் குச்சியை வளைத்துக் கையில் கொடுங்கள். வெளிச்சம் இருக்கிறது, சூடு இல்லை.

குச்சிக்குள் தனித்தனியாக இருந்த பொருட்கள் கலந்தன, வெளிச்சம் வந்தது. மின்மினியின் வயிற்றிலும் சில பொருட்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது வெளிச்சம் வருகிறது. பொருட்கள் வேறு, ஆனால் இரண்டிலும் தீ இல்லை. இந்த அளவு பிள்ளைகளுக்குப் போதும். உங்களுக்காக மட்டும்: அந்தப் பொருளின் பெயர் லூசிஃபெரின், வினையைத் தூண்டுகிற நொதி லூசிஃபெரேஸ். குச்சியை வெட்டவோ கடிக்கவோ விடாதீர்கள்.

படி 4: பதில் சொல்லும் விளக்கு (இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள்)

பாடத்தின் உயிரே இந்த விளையாட்டுதான். மின்மினியில் பல வகைகளில் ஆண் பறந்துகொண்டே மின்னும். பெண் புல்லிலோ செடியிலோ உட்கார்ந்திருக்கும். தன் இனத்தின் மின்னல் என்று தெரிந்தால், சரியான இடைவெளி விட்டுப் பதிலுக்கு மின்னும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு தாளம். அதை அப்படியே விளையாட்டாக்குகிறோம்.

டார்ச் முனையில் மஞ்சளும் பச்சையுமாகக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். மூன்று வகை அட்டைகள் செய்யுங்கள். ஒரு புள்ளி: ஒரு மின்னல், பிறகு மனதுக்குள் மூன்று எண்ணும் வரை இருட்டு. இரண்டு புள்ளி: டக் டக் என்று இரண்டு மின்னல், பிறகு இருட்டு. ஒரு கோடு: நீளமான ஒரே மின்னல், பிறகு இருட்டு. அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முதல் இரண்டே போதும்.

டார்ச்சைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், வெளிச்சத்திலேயே கைதட்டிப் பழக்குங்கள். இதைத் தாண்டிப் போனால், இருட்டானதும் எல்லாரும் இஷ்டத்துக்கு அழுத்திக்கொண்டிருப்பார்கள். தாளம் கைக்கு வந்த பிறகு ஜன்னல்களை மூடுங்கள். பாதிப் பேர் தரையில் அங்கங்கே உட்காரட்டும், டார்ச்சைத் தரைக்குப் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். மீதிப் பேர் தங்கள் அட்டைத் தாளத்தில் மின்னியபடி மெதுவாக நடப்பார்கள். உட்கார்ந்திருக்கும் பிள்ளை, தன் அட்டையில் உள்ள தாளத்தைப் பார்த்தால் மட்டும் “ஒன்று, இரண்டு” என்று மனதுக்குள் எண்ணிவிட்டு ஒரு முறை மின்ன வேண்டும். வேறு தாளம் என்றால் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம்! பதில் கிடைத்தவர் அங்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். வாய்ப்பேச்சு கிடையாது. முகத்துக்கு நேரே டார்ச் அடிப்பதும் கூடாது.

ஜோடிகள் சேர்ந்ததும் மறுபடி ஆரம்பியுங்கள், ஆனால் இந்த முறை எல்லா டியூப்லைட்டும் எரியட்டும். விதிகளில் மாற்றமில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள், தப்பான ஆளிடம் போய் உட்காருவார்கள், யாராவது ஒருவர் “தெரியல மிஸ்!” என்று கத்துவார். அந்த இடத்தில் விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். “ராத்திரியில மின்மினி இருக்கிற இடத்துல இந்த மாதிரி லைட்டு போடுறது யாரு?” என்று மட்டும் கேளுங்கள். தெருவிளக்கு, வாசல் விளக்கு, விடிய விடிய எரிகிற கடை விளக்கு என்று அவர்களே பட்டியல் போடுவார்கள். மின்மினிகள் குறைந்துபோவதற்குச் செயற்கை வெளிச்சம் ஒரு முக்கியக் காரணம். அதைப் பிள்ளைகள் தாங்களே அனுபவித்துத் தெரிந்துகொள்ளும் இடம் இது.

மூன்றாவது சுற்றில் ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்துவிட்டு, எங்கே ஜோடி சேருவது சுலபம் என்று அவர்களையே கண்டுபிடிக்கவிடலாம்.

இருட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சாண்டி வரும் என்று பயமுறுத்தியே வளர்த்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். கும்மிருட்டு தேவையே இல்லை, கதவை ஒருக்களித்து வையுங்கள், நீங்கள் இடைவிடாமல் மெல்லப் பேசிக்கொண்டிருங்கள். பயப்படும் பிள்ளையை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து, “நீதான் ஜோடிகளை எண்ணணும்” என்று வேலை கொடுங்கள். வற்புறுத்தாதீர்கள்.

படி 5: எல்லாரும் ஒரே நேரத்தில்

சில வகைகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே தாளத்தில் மின்னும். நம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், டாப்சிலிப் பக்கக் காடுகளில், கோடையின் பிற்பகுதியிலிருந்து தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சமயம் வரை மரம் மரமாக இப்படி நடக்கும். 2022இல் வனத்துறை அங்கே மின்மினிகளைப் பற்றி ஆய்வும் நடத்தியது. மலேசியாவில் கோலா சிலாங்கூர் ஆற்றங்கரை அலையாத்தி மரங்களிலும் இதைப் பார்க்கலாம், படகில் அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். வகுப்பில் அங்கே உறவினர் இருக்கும் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

வட்டமாக உட்காரவைத்து, முதலில் அவரவர் இஷ்டத்துக்கு மின்னச் சொல்லுங்கள். பிறகு, “பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்த்து, அவங்களோட சேர்ந்துக்கோங்க” என்று மட்டும் சொல்லுங்கள். தலைவர் யாரும் வேண்டாம், நீங்களும் எண்ணாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் வட்டம் தானாக ஒரு தாளத்துக்கு வரும்.

படி 6: முட்டையிலிருந்து வண்டு வரை

நான்கு தட்டுகள். முதல் தட்டில் ஜவ்வரிசி, அது முட்டை. இரண்டாவதில் களிமண்ணில் செய்த தட்டையான, கட்டம் கட்டமான புழு. மூன்றாவதில் சுருண்டு கிடக்கும் கூட்டுப்புழு. நான்காவதில் புளியங்கொட்டை, அது வண்டு. தட்டுகளைக் கலைத்துவிட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

புழுவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லலாம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். மின்மினிப் புழு ஒரு வேட்டைக்காரன். நத்தையையும் மண்புழுவையும் கடித்து, விஷத்தைச் செலுத்தி, அசையாமல் ஆக்கித் தின்னும். அதுவும் ஒளிரும். ஈரமண்ணிலும் சருகுக்கு அடியிலும் மாதக்கணக்கில் இப்படியே வாழும். அதனால் சருகை எல்லாம் கூட்டி எரித்துவிட்டால், பூச்சிமருந்து அடித்துவிட்டால், மின்மினியும் போய்விடும். பள்ளித் தோட்டத்தில் ஒரு மூலையைக் கூட்டாமல், விளக்கு போடாமல் விட்டுவைக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள்.

படி 7: மாலையில், வீட்டாரோடு

மழைக்காலத்தில் மட்டும் இதைக் கொடுங்கள், வறண்ட கோடையில் அனுப்பினால் ஏமாந்து வரக்கூடும். பெற்றோருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புங்கள்: சூரியன் மறைந்து அரைமணி நேரம் கழித்து, குளக்கரை, வரப்பு, தோட்டம், ஏதாவது ஓர் இருட்டான இடம். பெரியவர் கட்டாயம் கூட வர வேண்டும். பாம்பு நடமாடும் நேரம் என்பதால் காலை மூடிய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ள வேண்டும், புல்லுக்குள் இறங்கக் கூடாது. நடந்து போகும்போது டார்ச் வேண்டும், நின்றதும் அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். செல்போனை எடுத்தால் பழகிய கண் மறுபடி கெட்டுப்போகும்.

கையில் வந்து உட்கார்ந்தால் பார்க்கலாம், பிடித்து வைக்க வேண்டாம். பல மின்மினிகளின் உடம்பில் கசப்பான நச்சுப்பொருள் உண்டு. பிறகு கையைக் கழுவிவிட வேண்டும், வாயில் வைக்கவே கூடாது.

நோட்டில் நான்கே விஷயம்: தேதி, இடம், ஒரு நிமிடத்தில் எத்தனை மின்னல், பக்கத்தில் விளக்கு உண்டா இல்லையா. ஒன்றுமே தெரியவில்லை என்றால் “0” என்று எழுத வேண்டும், அதுவும் பதிவுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சில பிள்ளைகள் டீச்சரைச் சந்தோஷப்படுத்துவதற்காகவே எண்ணிக்கையைக் கூட்டி எழுதிவிடுவார்கள்.

எல்லா நோட்டுகளும் வந்த பிறகு, விளக்கு இருந்த இடங்களை ஒரு பக்கமும் இல்லாத இடங்களை மறுபக்கமும் சார்ட்டில் எழுதி, ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு புளியங்கொட்டை ஒட்டுங்கள். எந்தப் பக்கம் அதிகம் என்று பிள்ளைகள் எண்ணிச் சொல்லட்டும். சார்ட்டைச் சுருட்டிப் பத்திரப்படுத்தி வைத்தால், அடுத்த வருடம் அதே இடங்களுக்குப் போய் எண்ணும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.